ஜாமீன் கிடைச்சிடுச்சு... ஆனா, ஆள் ஏன் இன்னும் வெளியே வரலை?

சட்டம் தெரிஞ்சுக்கலாம் - வாரத் தொடர்

'ஜாமீன் கிடைச்சிடுச்சு' என்று வக்கீல் போனில் சொன்னதும், வீட்டில் அடுப்பு பற்றவைத்து சமையல் ஆரம்பித்துவிடுவார்கள். அன்று மாலைக்குள் மகன் வந்துவிடுவான் என்று நினைப்பார்கள். மாலை போய், மறுநாள் போய், ஒரு வாரமே போய்விடும். ஆள் வந்திருக்க மாட்டார். 'கோர்ட்டே விடச் சொல்லிடுச்சே, அப்புறம் ஏன் விட மாட்டேங்கிறாங்க?' என்று சிறை வாசலில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது, ஜாமீன்தாரர் வரவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். ஜாமீன் மறுக்கப்பட்டவர்களோடு, ஜாமீன் கிடைத்தும் அதற்கான ஆளையோ, ஆவணத்தையோ கொடுக்க முடியாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

கைதான நிமிடத்திலிருந்து சிறைக் கதவு திறக்கும் வரை என்னென்ன நடக்கிறது, நல்ல வக்கீலை எப்படித் தேடுவது, ஜாமீன் பத்திரம் என்றால் என்ன, அதற்கு ஆள் இல்லாவிட்டால் என்ன வழி? இந்த வாரம் அதைப் பார்க்கலாம்.

முதல் 24 மணி நேரம்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். பிரிவு எண்கள் மாறிவிட்டன. கைதாகிறவரின் அடிப்படை உரிமைகள் மாறவில்லை.

கைது செய்யும் போலீஸார் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்ப உறுப்பினர் ஒருவரோ, அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற தகவலை அவருடைய உறவினருக்கோ, நண்பருக்கோ சொல்ல வேண்டும். எதற்காகக் கைது என்ற காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணத்தை, கைதானவருக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சூரியன் மறைந்த பிறகும், உதயமாவதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால், பெண் காவல் அதிகாரி ஒருவர் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், 24 மணி நேரக் கணக்கு. பயண நேரத்தைக் கழித்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ, பொங்கல் விடுமுறையோ இந்தக் கணக்கை நீட்டிக்காது. ஆகவே, ஸ்டேஷனுக்கு ஓடும் குடும்பத்தார் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: கைது செய்த நேரம், எந்த ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர் எண், எந்தெந்தப் பிரிவுகள். வக்கீல் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

எஃப்.ஐ.ஆர் எண் தெரியவில்லையா? பாலியல் வன்முறை, தீவிரவாதம் போன்ற சில வகை வழக்குகளைத் தவிர, மற்ற எஃப்.ஐ.ஆர்களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர் பார்க்கும் வசதி இருக்கிறது. மொபைலிலேயே பார்த்துவிடலாம்.

பிரிவுகள் ஏன் முக்கியம்? குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. கவனக்குறைவாக வண்டி ஓட்டியது, கைகலப்பில் சாதாரணக் காயம் ஏற்படுத்தியது போன்றவை ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். இவற்றில் ஜாமீன் என்பது உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுத்து அனுப்பலாம். இதைத்தான் 'ஸ்டேஷன் ஜாமீன்' என்கிறோம். பெரிய மோசடி, வழிப்பறி, கொலை முயற்சி போன்றவை ஜாமீனில் விடமுடியாத குற்றங்கள். பெயரைப் பார்த்து பயந்துவிடக் கூடாது. ஜாமீனே கிடைக்காது என்று இதற்குப் பொருள் கிடையாது. கொடுப்பதா, வேண்டாமா என்று நீதிமன்றம்தான் முடிவு செய்யும் என்பதே பொருள். பெண்கள், சிறார்கள், நோயுற்றவர்கள், உடல் தளர்ந்தவர்கள் விஷயத்தில் நீதிமன்றம் கூடுதல் கருணை காட்டவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைது என்பதே இயந்திரம்போல் நடக்கக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று போலீஸார் காரணம் எழுத வேண்டும் என 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ரிமாண்ட் நேரத்தில் வக்கீல் இதை எடுத்துச் சொன்னால், சிறைக்கே போகாமல் திரும்புகிற வாய்ப்பும் இருக்கிறது. அதனால்தான் முதல் நாளே வக்கீல் தேவைப்படுகிறார்.

வக்கீலை எங்கே தேடுவது?

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, செல்போனை எடுத்து 'அருகிலுள்ள கிரிமினல் லாயர்' என்று தேடுவது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 'நம்பர் ஒன் வக்கீல்', 'ஐந்து நட்சத்திர ரேட்டிங்', '24 மணி நேரத்தில் ஜாமீன் கேரன்ட்டி' என்று வருகிறவை இந்த விதியை மீறியே வருகின்றன. வக்கீல் சேவையை ரேட்டிங் போட்டு, விலை போட்டு விற்கும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டதும் நினைவில் இருக்கட்டும். தேடலில் மேலே வருகிறவர் திறமையானவர் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பிறகு எப்படித் தேடுவது? வழக்கு எந்த கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறதோ, அந்த கோர்ட்டில் தினமும் ஆஜராகும் வக்கீல்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். திருச்சியில் கைதானவருக்குச் சென்னையின் பிரபல வக்கீல் ரிமாண்ட் நேரத்துக்குள் வந்து சேர்வது கடினம். அந்த கோர்ட்டில் எந்த மாதிரி ஜாமீன்தாரரை ஏற்பார்கள், என்ன ஆவணம் கேட்பார்கள், மனு எந்த நாளில் விசாரணைக்கு வரும் என்பதெல்லாம் உள்ளூர் வக்கீலுக்குத்தான் அத்துப்படி. கோர்ட் வளாகத்தில் இருக்கும் வழக்கறிஞர்கள் சங்க அலுவலகத்தில் கேட்கலாம். ஏற்கெனவே சொத்து வழக்கோ, குடும்ப வழக்கோ நடத்திக்கொடுத்த வக்கீல் இருந்தால், கிரிமினல் வழக்கு பார்க்கும் நல்ல வக்கீல் யார் என்று அவரிடமே கேட்கலாம்.

வக்கீலைப் பார்த்ததும் தயங்காமல் கேட்க வேண்டியவை இவை:

* இதேபோன்ற வழக்குகளை இந்த கோர்ட்டில் நடத்தியிருக்கிறீர்களா?
* கோர்ட்டில் நீங்களே ஆஜராவீர்களா, ஜூனியர் வருவாரா?
* உங்கள் கட்டணம் ஜாமீன் மனுவுக்கு மட்டுமா, ஜாமீன்தாரர் தாக்கல் செய்வது வரைக்குமா?
* மாஜிஸ்திரேட் மறுத்தால், செஷன்ஸ் கோர்ட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் தனிக் கட்டணமா?

மூன்றாவது கேள்வியை மறக்கவே கூடாது. 'ஜாமீன் எடுத்துத் தந்துட்டேன், ஷூரிட்டி உங்க பொறுப்பு' என்று வக்கீலும், 'எல்லாம் அவரே பார்த்துக்குவார்' என்று குடும்பமும் நினைத்துக்கொண்டிருப்பதால் வீணாகும் நாள்கள் அதிகம்.

பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்கலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடக் கூடாது. வக்காலத்தை வாசித்த பிறகே கையெழுத்திட வேண்டும். 'எனக்கு ஜட்ஜைத் தெரியும், அவருக்குக் கொடுக்கணும்' என்று யாராவது பணம் கேட்டால், அந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

பணம் இல்லாவிட்டால்?

கஸ்டடியில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், அரசு செலவில் வக்கீல் பெறலாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்வது இது. பெண்கள், சிறார்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது.

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மாநில ஆணைக்குழு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 15100 என்ற தேசிய உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். கட்டணம் இல்லை. 2022-ல் வந்த திட்டத்தின்படி பல மாவட்டங்களில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டுமே முழு நேரமும் வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞர்களும் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்.

'இலவச வக்கீல்னா ஒழுங்கா வாதாட மாட்டாங்க' என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. எல்லா இடங்களையும்போல இங்கும் இரண்டு விதமானவர்களும் இருப்பார்கள். ஆனால், ரிமாண்ட் நேரத்தில் யாருமே இல்லாமல் நிற்பதற்கும், பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்பதற்கும் வித்தியாசம் பெரியது. பிறகு வேறு வக்கீலை அமர்த்திக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

ஜாமீன் பத்திரம்: பணம் கட்டுவதா, வாக்குக் கொடுப்பதா?

'பத்தாயிரம் ரூபாய்க்கான சொந்த ஜாமீனும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும்' என்று உத்தரவு வருகிறது. கேட்டதும், பத்தாயிரம் ரூபாயைப் புரட்டுவதற்காக நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது.

அந்தத் தொகையை அப்போதே கட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கவில்லை. 'விசாரணைக்குக் கூப்பிடும்போதெல்லாம் வருவேன், வராவிட்டால் இந்தத் தொகையைக் கட்டுவேன்' என்று குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிக்கொடுப்பது சொந்த ஜாமீன் பத்திரம். 'இவரை வரவைப்பது என் பொறுப்பு, வராவிட்டால் நான் கட்டுவேன்' என்று இன்னொருவர் எழுதிக்கொடுப்பது நபர் ஜாமீன். இரண்டுமே வாக்குறுதிகள்தான். ஒழுங்காக ஆஜராகிவிட்டால் பைசா போகாது. சில உத்தரவுகளில் பணமாகவே டெபாசிட் செய்யச் சொல்வதும் உண்டு. அது தனி நிபந்தனை. உத்தரவிலேயே எழுதியிருக்கும்.

ஆங்கிலப் படங்களில் கைதானவரை மீட்க ஒரு கம்பெனி ஆள் வருவார். அது அமெரிக்க வழக்கம். அங்கே பல மாநிலங்களில், ஜாமீன் தொகையில் சுமார் 10 சதவிகிதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு தனியார் நிறுவனங்கள் பொறுப்பேற்கின்றன. அந்தக் கட்டணம் திரும்ப வராது. பணம் இல்லாதவர் மட்டும் உள்ளே கிடக்கிறார் என்ற எதிர்ப்பு அங்கேயும் எழுந்தது. 2023 செப்டம்பரில் இல்லினாய் மாநிலம் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. நம் ஊரில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் கிடையாது. இங்கே தேவைப்படுவது ஆள். நம்மை நம்பிக் கையெழுத்துப் போடும் இரண்டு பேர்.

ஜாமீன்தாரராக வருகிறவர், ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றோடு, தனக்கு அந்தத் தொகைக்கான வசதி இருக்கிறது என்று காட்ட வேண்டும். வீட்டு வரி ரசீது, சொத்து ஆவணம், வருவாய்த்துறைச் சான்று, அரசு ஊழியர் என்றால் சம்பளச் சான்று என்று கோர்ட்டுக்கு கோர்ட் கேட்பது மாறும். உயர் நீதிமன்ற உத்தரவுகளில், ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறும். இரண்டு பேரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகள் சொல்லும். இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் அவர் உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும்.

இவை சரிபார்க்கப்பட்டு, மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்ட பிறகே விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரரைத் தாக்கல் செய்வது பெரும்பாலும் உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான். ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே ஜாமீன்தாரரின் ஆவணங்களைத் தயார் செய்து வைத்திருப்பவர்கள், மற்றவர்களைவிடச் சில நாள்கள் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. இன்னொரு வழக்கில் பி.டி.வாரன்ட் போட்டிருந்தாலோ, குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைத்திருந்தாலோ, இந்த வழக்கின் ஜாமீன் மட்டும் கதவைத் திறக்காது. குண்டாஸுக்கு அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று வழி வேறு.

ஜாமீன் நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்று சொல்லி யாரையும் அழைத்துப்போவது தவறு. குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால், ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். திருப்தியான காரணம் சொல்ல முடியாவிட்டால் பத்திரத் தொகையைக் கட்ட வேண்டும். வசூலிக்கவே முடியாத நிலையில், ஆறு மாதங்கள் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஜாமீனில் வந்து, காரணமில்லாமல் ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை.

ஜாமீன் நின்ற பிறகு, இனி பொறுப்பேற்க முடியாது என்று தோன்றினால் விலகவும் வழி இருக்கிறது. நீதிமன்றத்தில் மனு கொடுத்துத் தன்னை விடுவிக்கச் சொல்லலாம். குற்றம் சாட்டப்பட்டவரை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவரச் சொல்வார்கள்.

'கவலைப்படாதீங்க சார், ஆள் நாங்க ஏற்பாடு பண்றோம்' என்று கோர்ட் வாசலில் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. போலி ஆவணத்தோடு வரும் வாடகை ஜாமீன்தாரர்கள் இவர்கள். சிக்கினால், ஜாமீன் ரத்தாவதோடு இன்னொரு வழக்கும் சேரும். வெளியே வருவதற்காக எடுத்த குறுக்குவழியே திரும்ப உள்ளே தள்ளிவிடும்.

இன்னோர் எச்சரிக்கை. 'உங்க பையனை அரெஸ்ட் பண்ணியிருக்கோம், ஜாமீனுக்கு உடனே ஜிபேயில் பணம் அனுப்புங்க' என்று போன் வந்தால், அது மோசடி. போனில் பணம் வாங்கிக்கொண்டு எந்த நீதிமன்றமும் ஜாமீன் தராது. முதலில் பையனுக்கு போன் செய்யுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் கொடுங்கள்.

ஜாமீன் நிற்க ஆளே இல்லாவிட்டால்?

இந்தக் கேள்வியோடு 1978-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனார். அவருக்கு ஜாமீன் தர ஏற்கெனவே உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. ஆனால், உள்ளூர் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு கொத்தனாருக்கு அது எட்டாத தொகை. அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அதையும் மறுத்துவிட்டார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், நாட்டின் ஒரு மூலையில் கைதாகும் ஏழைக்கு, இன்னொரு மூலையில் இருக்கும் சொந்தக்காரர் ஜாமீன் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்ற கேள்வியை எழுப்பினார். 1,000 ரூபாய்க்கான சொந்த ஜாமீனிலேயே மோதிராமை விடச் சொன்னார். வேறு ஜாமீன்தாரர் தேவைப்படவில்லை. ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடங்களில் வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. இன்றைக்கு திருப்பூரிலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ கைதாகும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

இப்போது இருக்கும் வழிகள் இவை.

ஒன்று, ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி, வசதியில்லாததால் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், அவர் ஏழை என்றே கருதி, சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 478-வது பிரிவு சொல்கிறது.

இரண்டு, எந்தக் குற்றமானாலும் ஜாமீன் தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்கிறது 484-வது பிரிவு. தொகையைக் குறைக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்டிலோ, உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். ஆள் கிடைக்காமல், பணம் மட்டும் கையில் இருந்தால், பத்திரத்துக்குப் பதிலாகப் பணத்தை டெபாசிட் செய்ய அனுமதி கேட்க 490-வது பிரிவு இடம் தருகிறது.

மூன்று, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள். ஜாமீன் உத்தரவின் நகலை அன்றைக்கோ, மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் மூலம் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாள்களுக்குள் விடுதலையாகவில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொல்ல வேண்டும். அவர், கைதியின் குடும்பப் பொருளாதார நிலையை அறிக்கையாகத் தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்கப்படாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம். இவையெல்லாம் தானாக நடக்கும் என்று காத்திருக்காமல், எட்டாவது நாள் காலையில் குடும்பத்தாரே அந்த அலுவலகத்துக்குப் போய், கைதியின் பெயர், வழக்கு எண், ஜாமீன் கிடைத்த தேதி மூன்றையும் எழுதிக்கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும்.

நான்கு, 2023-ல் மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான நிதியுதவித் திட்டம். தொடங்கியபோது, ஜாமீன் தொகைக்காக ஒரு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை வழங்க வகை செய்யப்பட்டது. மாவட்ட அளவிலான குழு முடிவெடுக்கும். ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, போதைப்பொருள், உபா சட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது.

ஐந்து, ஒருவர்மீது பல வழக்குகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரரைத் தேட முடியாமல் போகலாம். 13 வழக்குகளில் ஜாமீன் பெற்றும் வெளியே வர முடியாத ஒருவரின் மனுவில், ஒரே ஜாமீன்தாரர்களைப் பல வழக்குகளுக்கும் ஏற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தேதிகளைக் குறித்து வையுங்கள்

60-வது நாளையும் 90-வது நாளையும் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் தண்டனை தரத்தக்க குற்றங்களில் 90 நாள்கள், மற்றவற்றில் 60 நாள்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், ஜாமீன் உரிமையாகிவிடும். சில சிறப்புச் சட்டங்களில் இந்தக் கெடு நீளும். ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். ஆனால், கேட்டால்தான் கிடைக்கும். மனு போடத் தாமதித்து, அதற்குள் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால், 479-வது பிரிவு கைகொடுக்கும். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டவரையும், முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் ஜாமீனில் விடலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

வெளியே வந்த பிறகும் கவனம் தேவை. தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்றால், பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். வேலைக்குப் போக முடியவில்லை என்றால், கையெழுத்தை நிறுத்திவிடாமல், நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போட வேண்டும். செல்போன் லொகேஷனைப் போலீஸாருக்கு எப்போதும் பகிர வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனை செல்லாது, அது தனியுரிமையை மீறுவது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்தா தேதியை 'இ-கோர்ட்ஸ்' செயலியில் வழக்கு எண் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கைது என்பது வேறு யார் வீட்டிலோ நடப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு சாலை விபத்து, ஒரு வாய்த்தகராறு, பெயரை இழுத்துவிடும் ஒரு புகார் போதும். 15100 என்ற எண்ணை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். நமக்காக ஜாமீன் கையெழுத்துப் போட யார் வருவார்கள் என்றும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பலருக்கும் ஒன்றிரண்டு பெயர்களுக்கு மேல் நினைவுக்கு வராது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்களுக்கு அந்த ஒரு பெயர்கூட இருக்காது. சட்டம் அவர்களுக்கென்று வைத்திருக்கும் வழிகளை, தெரிந்தவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம்: போலீஸ் சம்மன் வந்தால் என்ன செய்ய வேண்டும்?